‘பார்க்கலாம்’ என்பதற்கு ஸ்பானிஷில் என்ன?

கேள்வி: வணக்கம் மேடம். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். மெக்சிகோவில் குவாதலஹாரா நகரில் மென்பொருள் வேலை. வந்து இரண்டு வருடம் ஆகிறது, ஸ்பானிஷ் ஓரளவு பேசுவேன். எங்கள் டீமில் ஒரு பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு நண்பன் வீட்டு விசேஷத்தில் மூன்று பேர் கிடாரோடு வந்து பாடினார்கள். ‘கிசாஸ், கிசாஸ், கிசாஸ்’ என்ற பாட்டுக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு கூடவே முணுமுணுத்தாள். அன்றிலிருந்து அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் பாடிய பதிவைத் தினமும் கேட்கிறேன். அவளை சினிமாவுக்குக் கூப்பிட்டேன். ‘அ பேர்’ என்றாள். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். ‘லுயேகோ தே அவீசோ’ என்றாள். சப்பாலா ஏரிக்குப் போகலாமா என்றேன். ‘அவோரீத்தா’ வேலை அதிகம் என்றாள். ஒரு முறைகூட முடியாது என்று சொல்லவில்லை. பாட்டிலும் ‘ஒருவேளை, ஒருவேளை’ என்றுதானே வருகிறது? அடுத்த மாதம் அவள் பிறந்தநாள். மூவர் குழு ஒன்றை ஏற்பாடு செய்து, அவள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே இதே பாட்டை நானே பாடலாம் என்றிருக்கிறேன். ‘போர் லோ கே மாஸ் தூ கியேராஸ்’ என்ற வரியை ‘நீ அதிகம் விரும்புவதற்காக’ என்று எழுதி வைத்திருக்கிறேன், சரிதானா? உச்சரிப்பை எப்படித் திருத்துவது? வாழ்த்து அட்டையில் ‘தே கியேரோ’ எழுதவா, ‘தே ஆமோ’ எழுதவா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள தம்பி,

ஸ்பானிஷ் சொல்லிக் கொடுத்துப் பிழைப்பவள் நான். மனநல ஆலோசகர் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் இலக்கணக் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னாலே மற்றதும் அதோடு வந்துவிடும் என்று தோன்றுகிறது. கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் சுலபம்.

‘கியேரோ’வின் மூல வினை ‘கேரேர்’. அதற்கு அகராதியைப் புரட்டினால் ‘வேண்டும்’, ‘நேசி’ என்று இரண்டு பொருள் இருக்கும். வகுப்பில் பிள்ளைகள் இதைப் பார்த்துக் குழம்புவார்கள். காபி வேண்டும் என்பதற்கும் காதலுக்கும் ஒரே சொல்லா என்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள் குழம்பத் தேவையே இல்லை. ‘அவர் நமக்கு ரொம்ப வேண்டியவர்’ என்று நாம் சொல்வதில்லையா? அந்த ‘வேண்டியவர்’தான் ‘கேரீதோ’. ‘தே கியேரோ’ என்று அம்மாவிடம் சொல்லலாம், தங்கையிடம் சொல்லலாம், பள்ளித் தோழனைக் கட்டிப்பிடித்துக்கொண்டும் சொல்லலாம். காதலியிடமும் சொல்லலாம். ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்னும் ‘தே ஆமோ’ அப்படியில்லை, கனமான சொல். பாட்டில் தாராளமாக வரும். வாழ்க்கையில், உறவு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் பெரும்பாலும் வாயில் வரும். உங்களோடு இன்னும் ஒரு காபிகூடக் குடிக்காத பெண்ணுக்கு அட்டையில் ‘தே ஆமோ’ என்று எழுதினால் அவள் பயந்துபோவாள். ‘தே கியேரோ’வும் இப்போதைக்கு வேண்டாம். காரணம் பிறகு.

அடுத்தது அந்த வரி. ‘நீ அதிகம் விரும்புவதற்காக’ என்பது சொல்லுக்குச் சொல் வைத்த பெயர்ப்பு. தவறு உங்களுடையது இல்லை, நீங்கள் படித்த பாடப்புத்தகத்தில் இது இருந்திருக்காது. ‘போர் லோ கே மாஸ் கியேராஸ்’ என்பது கெஞ்சும்போது வரும் சொற்றொடர். உனக்கு உயிரானது எதுவோ அதன் பேரில் கேட்கிறேன் என்று பொருள். நம் ஊரில் ‘உனக்குப் புண்ணியமாப் போகும்’, ‘உன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கும்’ என்று காலைப் பிடிக்கிற குரலில் சொல்வோமே, அது. சந்தையில் விலை குறைக்கச் சொல்லியும் கேட்டிருக்கிறேன், பேருந்தை நிறுத்தச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். ஆக, அந்த இடத்தில் பாடுகிறவன் காதல் சொல்லவில்லை. ஏதாவது ஒரு பதிலைச் சொல்லித் தொலை என்று மன்றாடுகிறான். மெட்டு இனிமையாக இருப்பதால் நமக்கு அது காதில் விழுவதில்லை.

‘கிசாஸ்’ ஒரு பொலேரோ, அதாவது மெதுவான நடையில் வரும் லத்தீன் அமெரிக்கக் காதல் பாட்டு. இந்த மன்றாட்டுதான் பொலேரோவின் அடிப்படை. அந்தப் பாட்டை எழுதியவர் ஒஸ்வால்தோ ஃபார்ரேஸ், கியூபாக்காரர், ஆண்டு 1947. ஆனால் வடிவம் அதைவிட மூத்தது. கியூபாவின் சந்தியாகோ நகரில் பெப்பே சாஞ்செஸ் என்ற தையல்காரர் 1883 வாக்கில் அமைத்த பாட்டைத்தான் முதல் பொலேரோ என்று வழக்கமாகச் சொல்வார்கள். அங்கிருந்து கடல் தாண்டி யுகத்தான் வழியாக மெக்சிகோவுக்கு வந்தது. 1930இல் மெக்சிகோ நகரில் எக்ஸ்-ஈ-டபிள்யூ வானொலி தொடங்கிய பிறகு வீட்டுக்கு வீடு நுழைந்தது. இளமையில் இரவு விடுதிகளில் பியானோ வாசித்த அகுஸ்தீன் லாரா அந்த வானொலியால் நாடறிந்தவரானார். 2023 டிசம்பரில் கியூபாவும் மெக்சிகோவும் சேர்ந்து கேட்டு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் பொலேரோவைச் சேர்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இத்தனை வருட காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் பொலேரோவைக் கேட்கக் கற்றுக்கொண்ட விதம் ஒன்று, நீங்கள் கேட்கிற விதம் வேறு.

பொலேரோவில் பாடுகிறவன் பெரும்பாலும் ஏற்கெனவே தோற்றவன். அது அவனுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். அவள் வருவாளா என்று தெரிந்துகொள்ளவா அவர்கள் கேட்கிறார்கள்? வரமாட்டாள் என்று தெரிந்தே, அதை ஒருவன் எவ்வளவு அழகாகத் தாங்குகிறான் என்று கேட்கிறார்கள். நண்பன் வீட்டில் வந்து பாடிய அந்த மூவரை நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஒருவர் கையில் இருந்தது சின்ன கிடார், இல்லையா? அதன் பெயர் ரெக்கிந்தோ. 1944இல் நியூயார்க்கில் சேர்ந்த ‘த்ரீயோ லோஸ் பாஞ்சோஸ்’ குழுவின் அல்ஃப்ரேதோ ஹில் உருவாக்கியது. சாதாரண கிடாரின் மத்யமத்தை ஷட்ஜமாக வைத்தது போல, சுருதி மேலே ஏற்றியிருக்கும். பாட்டு தொடங்குமுன் அது மட்டும் தனியாக மேல்ஸ்தாயியில் இரண்டு அடி பேசிவிட்டுச் சரசரவென்று கீழே இறங்கும். அந்த இறக்கத்திலேயே கதை முடிந்துவிடுகிறது. பிறகு மூன்று குரலும் சேர்ந்து பாடுவதெல்லாம் நடந்து முடிந்ததற்கு விளக்கம்தான்.

அதனால் அவள் கண்ணை மூடி முணுமுணுத்தது உங்களுக்காக என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பாட்டு அவள் பாட்டி சமையலறையில் பாடியதாக இருக்கலாம். நம் வீட்டு விசேஷத்தில் பழைய பாட்டு ஒன்றை யாராவது எடுத்தால் அத்தனை பேரும் கூடவே முணுமுணுப்பதில்லையா, யாரும் யாரையும் காதலிக்காமலே! பொலேரோவை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு மெக்சிகோக்காரர்களே காட்டும் உதாரணம் கொன்சுவேலோ வெலாஸ்கெஸ். முத்தத்தைப் பற்றி உலகமே பாடுகிற பொலேரோவை எழுதிய பியானோக் கலைஞர். எழுதிய வயதில் தனக்கு முத்த அனுபவமே கிடையாது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

உச்சரிப்புக்கு வருகிறேன். நாட் கிங் கோலுக்கு ஸ்பானிஷ் தெரியாது. 1958இல் வந்த அந்த ஸ்பானிஷ் தொகுப்பு முழுவதையும் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்து பாடினார். சில இடங்களில் உயிரெழுத்து வழுக்கும், ‘ர’ அமெரிக்காவில் கிடக்கும். லத்தீன் அமெரிக்கா அதைப் பொருட்படுத்தவே இல்லை, கொண்டாடியது. ஆகவே உங்கள் ‘ர’ பற்றிக் கவலை வேண்டாம், விருதுநகர் ‘ர’ அவருடையதைவிட ஸ்பானிஷுக்கு நெருக்கம். ‘கிசாஸ்’ என்பதில் இருக்கும் ‘ஸெட்’ மெக்சிகோவில் வெறும் ‘ஸ’தான், ஸ்பெயினின் பெரும்பகுதியில் செய்வது போல நாக்கைப் பல்லிடுக்கில் நீட்ட வேண்டாம். அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும். உச்சரிப்பு விஷயம் அவ்வளவுதான்.

அந்தச் சொல்லிலேயே இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. ‘கிசாஸ்’ என்றால் ஒருவேளை, சரி. ஆனால் ஸ்பானிஷில் ‘ஒருவேளை’யின் எடை அதற்குப் பின்னால் வரும் வினையில் இருக்கிறது. ‘கிசாஸ் பியேனே’ என்றால் வருவாள் என்றுதான் நினைக்கிறேன் என்ற தொனி. ‘கிசாஸ் பெங்கா’ என்றால் வந்தாலும் வரலாம், யார் கண்டது என்ற தொனி. ஒரே ஆள், ஒரே வருகை, வினையின் வாலில் நம்பிக்கை கூடுகிறது, குறைகிறது. இப்போது பாட்டைக் கேளுங்கள். அவன் எப்போது, எப்படி, எங்கே என்று முழு வாக்கியமாகக் கேட்கிறான். அவள் பதிலில் வினையே கிடையாது. வெறும் ‘கிசாஸ்’. மூன்று முறை. வினையைச் சொன்னால் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று தெரிந்துவிடும் என்பதால் வினையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறாள். இருபது வருடமாக இந்த ஒரு பாடத்தை நடத்துகிறேன், ஒவ்வொரு முறையும் வகுப்பில் யாராவது ஒருவர் முகம் மாறும்.

உங்கள் தோழி இந்தச் சொல்லைக்கூடச் சொல்லவில்லை. அவள் சொன்ன மூன்றையும் பாருங்கள். ‘அ பேர்’ என்பதற்கு நேர்த் தமிழ் ‘பார்க்கலாம்’. ‘லுயேகோ தே அவீசோ’ என்றால் ‘அப்புறம் சொல்றேன்’. ‘அவோரீத்தா’ இருக்கிறதே, அதை மெக்சிகோக்காரர்கள் பயன்படுத்தும் விதமே தனி. அகராதி ‘இப்போதே’ என்று சொல்லும். நடைமுறையில் அடுத்த நிமிடத்திலிருந்து அடுத்த பிறவி வரை எதுவாகவும் இருக்கலாம். முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்வதை அங்கே பலரும் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். மறுப்பைப் பஞ்சில் சுற்றித்தான் கொடுப்பார்கள். இது உங்களுக்குப் புதிதா? பெண் பார்த்துவிட்டுப் பஜ்ஜி சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே ‘ஊருக்குப் போய்ப் போன் பண்றோம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அந்தப் போனுக்காக யாரும் காத்திருப்பதில்லை. தமிழில் கேட்டிருந்தால் முதல் ‘பார்க்கலாம்’ சொன்னபோதே உங்களுக்குப் புரிந்திருக்கும். வேறு மொழியில் வந்ததால் அகராதியைப் பார்த்து அர்த்தம் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று மாம்பலத்தில் உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. கூச்சம் இருக்கலாம். வேலையே நிஜமாகவும் அதிகமாக இருக்கலாம். ஆனால் விருப்பம் இருக்கிறவர்கள் மாற்று நாள் சொல்வார்கள். ‘இந்தச் சனிக்கிழமை முடியாது, அடுத்த வாரம்?’ என்று. இது மெக்சிகோவுக்கும் விருதுநகருக்கும் பொது. மூன்று அழைப்பில் ஒரு முறையாவது அவள் அப்படி ஒரு நாளைச் சொல்லியிருந்தால் நீங்கள் கடிதத்தில் அதை எழுதாமல் விட்டிருக்கமாட்டீர்கள்.

இனி ஜன்னலுக்குக் கீழே பாடுவது. அதன் பெயர் செரெநாத்தா. ‘யேபார் காயோ’, அதாவது சேவலைக் கொண்டுபோவது என்றும் பழைய வழக்கில் சொல்வார்கள், விடியலுக்கு முன் போய்ப் பாடுவதால் இருக்கும். மரபுப்படி அதற்கு ஒரு விதி உண்டு. பாட்டு நடக்கும்போது அவள் அறையில் விளக்கு எரிந்தால் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். எரியாவிட்டால், வந்த வழியே போக வேண்டியதுதான்.

1997இல் நான் மெக்சிகோ நகரில் படிக்கப் போயிருந்தபோது தங்கியிருந்த வீட்டு அம்மாளிடம் இதைப் பற்றிக் கேட்டேன். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர். சாப்பாட்டு மேசையில் கறுப்பு பீன்ஸைக் கொட்டி, விரலால் நகர்த்தி நகர்த்திக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார், பக்கத்தில் வானொலியில் பொலேரோ ஓடும். எனக்கு ‘எஸ்த்ரான்யார்’ என்ற வினையை ஒழுங்காகப் புரியவைத்தவர் அவர்தான். ‘தே எஸ்த்ரான்யோ’ என்று பாட்டில் வந்தபோது, ‘நீ விசித்திரமானவள்’ என்று திட்டுகிறானா என்று கேட்டேன். கையிலிருந்த பீன்ஸ் சிதறும்படி சிரித்தார். நீ இல்லாமல் தவிக்கிறேன் என்று அர்த்தமாம். நீ இல்லாததால் எல்லாமே அந்நியமாகத் தெரிகிறது என்ற இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அதற்கு இன்னொரு விதமும் உண்டு என்று சொல்லிக் கொடுத்தார்: ‘மே ஆசெஸ் ஃபால்தா’. ‘நீ இல்லாத குறைதான்’ என்று கல்யாண வீட்டிலிருந்து போனில் சொல்வோமே, அச்சாக அது. ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஏற்படும் எரிச்சலுக்கு இந்த மாதிரி இடங்கள்தான் காரணம்.

செரெநாத்தா பற்றிக் கேட்டதும் அவர் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. தனக்கும் ஒருவன் கொண்டுவந்தான் என்றார். பத்தொன்பது வயதில், புவேப்லாவில். மூன்று பாட்டு. விளக்கைப் போடவில்லை. போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாராம், பக்கத்தில் அம்மா. ‘பாட்டு நல்லா இருந்தது. ரெக்கிந்தோக்காரன் கெட்டிக்காரன். ஆனா அந்த மூணு பாட்டு முடியறதுக்குள்ள எனக்குக் கை வேர்த்துப்போச்சு. எதிர்வீட்டு ஜன்னல், பக்கத்து வீட்டு ஜன்னல், எல்லாத்துலயும் விளக்கு எரியுது. எங்க வீட்டுல மட்டும் இருட்டு. ஊர் பூராவும் என் ஜன்னலைத்தான் பார்த்துக்கிட்டு நிக்குது.’ மறுநாள் ரொட்டிக் கடைக்கு அவர் போகவில்லை, தங்கையை அனுப்பினாராம். அந்தக் கடை அந்தப் பையனின் வீட்டுக் கடை.

பாடுகிறவன் பக்கத்திலிருந்தே செரெநாத்தாவைப் பார்த்துப் பழகியிருந்த எனக்கு, ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டதும் நினைவுக்கு வந்தது நம்முடைய மடலேறுதல். பனைமடலில் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, அவள் உருவம் எழுதிய படத்தோடு தெருவில் வருவேன் என்று சங்கப்பாட்டுத் தலைவன் சொல்வானே, அதைக் காதலின் உச்சம் என்று கல்லூரியில் படித்தோம். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஊரைக் கூட்டி வாங்கும் சம்மதம். மனமொத்த செரெநாத்தா அழகான விஷயம். ஏற்கெனவே சரி என்று சொன்னவளுக்கு, அவள் பிறந்தநாளில், அண்டை வீட்டாரும் எழுந்து வந்து கைதட்ட. உங்கள் விஷயத்தில் அவள் சரி சொல்லவில்லை. போதாததற்கு, திங்கட்கிழமை காலை நீங்கள் இருவரும் ஒரே மீட்டிங்கில் உட்கார வேண்டும். அந்தப் புவேப்லா அம்மாளுக்காவது ரொட்டி வாங்கத் தங்கை இருந்தாள்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அந்தப் பாட்டில் அவன் அவளை ‘தூ’ என்கிறான், அதாவது ‘நீ’. காதலியை ‘உஸ்தெத்’, அதாவது ‘நீங்கள்’ என்று அழைத்து, என் துயரத்துக்கெல்லாம் நீங்கள்தான் காரணம் என்று குற்றம் சாட்டும் பொலேரோவும் இருக்கிறது, அதன் பெயரே ‘உஸ்தெத்’. எப்படி அழைத்தாலும், பொலேரோவில் பேசுகிறவன் ஒருவன் மட்டுமே. அவள் தன் வாயால் பேசுவதே இல்லை. ‘கிசாஸ்’ என்றுகூட அவள் சொல்லி நாம் கேட்கவில்லை. அவள் அப்படிச் சொல்கிறாள் என்று அவன்தான் நம்மிடம் சொல்கிறான். உங்கள் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே பாட்டைத் தூது விட வேண்டாம். நேராகக் கேட்டே தீர வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், ஒரே ஒரு முறை, உரைநடையில் கேளுங்கள். ‘மே குஸ்தாரீயா சாலீர் கொந்தீகோ. சி நோ கியேரெஸ், நோ பாசா நாதா.’ உன்னோடு வெளியே போக ஆசை, உனக்கு வேண்டாமென்றால் ஒன்றும் பிரச்சினை இல்லை. இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், அதுதான் அவளுக்கு வெளியே போக வழி. அதை நிஜமாகவே அந்த அர்த்தத்தில் சொல்ல முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள். பதில் மறுபடி ‘அ பேர்’ என்று வந்தால் அது நான்காவது பதில், அதோடு நிறுத்திவிடுங்கள். என்னைக் கேட்டால், மூன்றாவதோடேயே நிறுத்தியிருப்பேன்.

பாட்டின் தமிழை முழுதாக நான் எழுதித் தரப்போவதில்லை, நீங்களே செய்யுங்கள். ‘ஒருவேளை’ வேண்டாம், அது எழுத்துத் தமிழ். வேறு சொல் உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். மூவர் குழுவுக்கென்று எடுத்து வைத்த பணத்தை வீணாக்கவும் வேண்டாம். குவாதலஹாராவில் சான் ஹுவான் தே தியோஸ் சந்தைக்குப் பக்கத்தில் மரியாச்சிகள் சதுக்கம் இருக்கிறது, காசு கொடுத்தால் பாடும் இசைக் குழுக்கள் கூடும் இடம். இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். பாட்டுக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பொலேரோ கேளுங்கள், கூடவே பாடுங்கள், அழுகை வந்தால் அங்கே யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதற்காகத்தான் அந்த வடிவமே இருக்கிறது.

பிறந்தநாளன்று டீம் மொத்தமும் கையெழுத்துப் போடும் அட்டை வரும். அதில் ‘ஃபெலிசிதாதெஸ்’, அதாவது வாழ்த்துகள் என்று எழுதி உங்கள் பெயரைப் போடுங்கள். கேக் வெட்டும்போது எல்லோரும் ‘லாஸ் மன்யானீத்தாஸ்’ பாடுவார்கள், அங்கே பிறந்தநாள் என்றால் அந்தப் பாட்டுதான். வெளிநாட்டுக்காரர்கள் வழக்கமாக முதல் அடிக்குப் பிறகு வாயை மட்டும் அசைப்பார்கள். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் முழுவதையும் மனப்பாடம் செய்துவிடலாம். ஏதாவது வரியில் சந்தேகம் வந்தால் எழுதுங்கள்.